மைதானத்து விருந்தாளிகள்

(அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில், ஃபுட்பால் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய ஆட்டக்காரர்களையும் கோச்சுகளையும் எங்கள் வீட்டார் சந்தித்த நினைவுகளைப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகு யோசித்துப் பார்த்தேன். பெரிய ஆட்டக்காரர்கள் வந்து போகும் வழியில் நம் ஊர் இல்லை. பெலே வந்தார், கல்கத்தாவுக்கு. மரடோனா கல்கத்தாவுக்கும் கண்ணூருக்கும் வந்தார். மெஸ்ஸியும் கல்கத்தாவில்தான் இறங்கினார். சென்னையிலிருந்து கப்பலேறி மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தால்தான் ஹாடோ துறை கண்ணில் படும். எந்த நட்சத்திரம் அப்படி வரப்போகிறது? ஆனாலும் என் அப்பா காலம் தொட்டு என் பேத்தி வரைக்கும், எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆட்டக்காரர் நினைவு இருக்கிறது. அந்த நினைவுகளில் எது நிலைத்தது, எது ஆளை மாற்றியது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அப்பா இங்கே கப்பல் பட்டறையில் ஃபிட்டர். ஃபீனிக்ஸ் பேயில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பட்டறைச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதியதும் கையில் ஒட்டிய கிரீஸோடு நேரே மைதானத்துக்குப் போவார்கள். தமிழர், வங்காளிகள், மலையாளிகள், தெலுங்கர், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், நிக்கோபாரிகள் என்று எல்லாரும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவார்கள். பிரிப்பதற்கு மொழி பார்த்ததே இல்லை. யார் காலில் செருப்பு இருக்கிறது, யார் காலில் இல்லை என்று பார்த்துப் பிரித்த நாள் உண்டு.

அந்த நாளில் ஃபுட்பால் எங்களுக்கு ரேடியோ வழியாக வந்தது. காற்று ஒத்துழைத்தால் கல்கத்தா நிலையம் கேட்கும். அஜய் பாசுவின் வங்காள வர்ணனையில் எங்கள் அப்பாவுக்குப் பாதிதான் புரியும். மீதியைப் பக்கத்து வீட்டு தாதா ஹிந்தியில் சொல்வார். அதை அப்பா எங்களுக்குத் தமிழில் சொல்வார். ஒரு கோல் மைதானத்தில் விழுந்து எங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று மொழி கடந்துவிடும்.

அந்த வர்ணனையில் அப்பா காத்திருந்து கேட்ட பெயர் ஒன்று உண்டு: தங்கராஜ். பீட்டர் தங்கராஜ். பூட்ஸைக் கழற்றாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பெயர் நம் வீடுகளில் மறைந்துகொண்டு வருகிறது. ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு கீப்பராக நின்றார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியபோது, கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றவர் அவர்தான். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியிருக்கிறார். நல்ல உயரம். அந்த உயரத்தோடு அவர் பந்தை ஒரு கையால் எறிந்தால் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டும் என்று அப்பா சொல்வார்.

அப்பா அவரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். பட்டறை வேலையாகக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கிடர்பூர் துறையில் கப்பல் கட்டியதும், வேலை தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த ஒரு மாலையில், மைதானத்துக் கேலரியின் மரப்பலகை மேல் ஏறி நின்று பார்த்தார். பேசவில்லை, கை கொடுக்கவில்லை. தூரத்தில் ஒரு தமிழர் கோலைக் காத்தார், அவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகு என் அண்ணனைக் கீப்பராக்கினார். அண்ணனுக்கு ஃபார்வர்டாக ஆடத்தான் ஆசை. கேட்பாரில்லை.

தூரத்திலிருந்து பார்ப்பதே அந்தக் காலத்தில் பெரிய பேறு. 1977 செப்டம்பர் 24 அன்று பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானை எதிர்த்து ஆடினார். மழை பெய்து தரை சேறாகக் கிடந்தது. ஆட்டம் 2–2. மோகன் பகானுக்கு ஷ்யாம் தாபாவும் ஹபீபும் கோல் போட்டார்கள். பி.கே.பானர்ஜிதான் கோச். பெலேயை ஒட்டிக்கொண்டே ஆடும் பொறுப்பை கௌதம் சர்க்காரிடம் கொடுத்திருந்தார். ஆட்டம் முடிந்த பிறகு பெலே அவரை அடையாளம் கண்டு, ‘என்னை ஆடவிடாத பதினான்காம் எண் நீதானே’ என்ற பொருளில் பேசியதை கௌதம் சர்க்கார் பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் எதிரணிக்காரரை எண்ணாக நினைவில் வைத்து, ஆட்டம் முடிந்ததும் ஆளாகத் தேடிப் பேசியிருக்கிறார். 2015இல் பெலே மறுபடி கல்கத்தாவுக்கு வந்தபோது, முன்பு தன்னை எதிர்த்து ஆடியவர்களைச் சந்தித்தார். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது.

அப்பா போய் இறங்கிய கிடர்பூர் என்றதும் இன்னொரு குடும்பத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம் கப்பல் போய்ச் சேரும் அதே கிடர்பூரில் வாழ்ந்தவர்கள் பன்னாலால் சட்டர்ஜியும் அவர் மனைவி சைத்தாலியும். பன்னாலால் கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1982 ஸ்பெயினில் தொடங்கி 2018 ரஷ்யா வரை பத்து உலகக் கோப்பைகளுக்கு இருவரும் சேர்ந்தே போய்வந்தார்கள். வசதியான குடும்பம் கிடையாது. பென்ஷனிலிருந்து எடுத்து வைப்பார்கள், அந்த அம்மா புடவை விற்றுச் சேர்ப்பார். ஒரு கோப்பை முடிந்து திரும்பியதும் அடுத்ததற்குச் சேமிப்பு தொடங்கிவிடும். 2019 டிசம்பரில் பன்னாலால் காலமானார். புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆசையை முப்பத்தாறு வருஷம் வளர்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் மேட்ச் பார்க்கும்போது பெண்களை அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்களே, அந்த ஆண்களுக்காக இதைச் சொன்னேன்.

இப்போது கொஞ்சம் நெருங்கி வருவோம்.

நம் நாட்டில் தேசிய லீக் தொடங்கியது 1996இல்தான். அதற்கு முன்னால், கல்கத்தா, கோவா கிளப்புகளை விட்டால், ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவர்கள் பெரும்பாலும் டிபார்ட்மென்ட் ஆட்டக்காரர்கள்: ரயில்வே, கஸ்டம்ஸ், துறைமுகம், பேங்க், போலீஸ், ராணுவம், கடற்படை. காலையில் ஆபீஸில் கையெழுத்து, மாலையில் மைதானம். அதனால் நமக்கு ஒரு நன்மை கிடைத்தது. மற்றவர்களுக்கு வரும் டிரான்ஸ்ஃபர் ஆட்டக்காரருக்கும் வரும். அப்படிக் கடற்படையிலிருந்து இங்கே வந்த ஒருவர், சர்வீசஸ் அணியில் ஆடியவர், ஒரு நாள் மாலை எங்கள் மைதானத்துக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தார். அண்ணன் பந்தைப் பிடிக்கும்போது கண்ணை மூடுவதைக் கவனித்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, இருட்டும் வரைக்கும் நெஞ்சுக்கு நேராகப் பந்தை எறிந்துகொண்டே இருந்தார். திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. கண் திறந்திருக்கும்போது பிடித்தால் தலையசைப்பார், மூடினால் மறுபடி எறிவார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா சூரை மீன் குழம்பு வைத்தாள். ஊர் பேர் விசாரித்துப் பார்த்ததில் அவர் தஞ்சாவூர்ப் பக்கம் என்று தெரிந்து, அம்மா உடனே அவரைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். வேறு ஊருக்கு மாற்றல் ஆகிப் போகும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தன் பழைய கீப்பர் கையுறையை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் நுனி தேய்ந்து போன கையுறை. அண்ணன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. பொதுப்பணித்துறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து கற்றுக்கொடுக்கும்போது, அவன் எறியும் விதம் அந்தத் தம்பி எறிந்த விதம்தான்.

அடுத்த தலைமுறைக்கு இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது. 2014இல் சென்னையின் எஃப்.சி. உருவானது. இத்தாலியின் மார்கோ மட்டெராஸி, உலகக் கோப்பை இறுதியில் கோல் போட்டவர், சென்னைக்கு வந்து கோச்சாக நின்றார். நம் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் சென்னைக்குப் போவது வழக்கம்தானே. என் தங்கை குடும்பம் அப்போது அங்கேதான். தங்கை மகனுக்கு ஒரு ஆட்டத்தில், அணி மைதானத்துக்குள் நுழையும்போது ஆட்டக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வாய்ப்பு கிடைத்தது. நேரு ஸ்டேடியத்தின் விளக்கு வெளிச்சம், ஆரவாரம், பிள்ளை பயந்துபோய்விட்டான். கை பிடித்திருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் அதைப் புரிந்துகொண்டு, தேசிய கீதம் முடியும் வரைக்கும் அவன் தோளில் கையை வைத்தபடியே நின்றாராம். மொழி தெரியாத இருவர். அந்தப் போட்டோவைத் தங்கை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். போட்டோவில் இருப்பவர் யாரென்று கேட்டால் பெயர் சொல்ல அவளுக்கு வராது, ‘என் பிள்ளை தோளில் கை வைத்தவர்’ என்பாள்.

அந்த 2015 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் வெள்ளம். விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. நம் ஆட்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள், போன் கிடைக்கவில்லை. சென்னையின் அணி தன் அரையிறுதியைச் சொந்த ஊரில் ஆட முடியாமல் புணேயில் போய் ஆடி, கொல்கத்தாவை 3–0 என்று வென்றது. பிறகு டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 90ஆம் நிமிடம் நெருங்கும்போது 1–2 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3–2. வென்ற கோல் மெண்டோசா போட்டது. அந்தப் பருவத்தில் ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. தங்கை வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்து சேறு காயாத நேரம். அடுத்த வீட்டு டிவியில் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்து அழுதாள். வெள்ளத்துக்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் ஒரு கோலை செல்போனில் பார்க்க உட்கார்ந்தால், சுற்றும் வட்டத்தைப் பார்த்தே ராத்திரி போய்விடும். இன்றைக்கு என் பேத்தி ஸ்பெயினில் நடக்கும் பயிற்சியைக் கையில் வைத்துப் பார்க்கிறாள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். திரையில் நூறு பேரைப் பார்த்த பிள்ளை ஒரு தந்திரத்தை நூறு முறை செய்து பார்க்கிறது. தப்பாகச் செய்தால், தப்பு என்று சொல்ல அந்தத் திரைக்கு வாய் இல்லை. அண்ணன் கண்ணை மூடியதைப் பார்க்க ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

நட்சத்திரத்தை நேரில் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்குக் கல்கத்தாவே சாட்சி. 2025 டிசம்பரில் மெஸ்ஸி சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார். குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கில் பணம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவரைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் மொய்த்துக்கொண்டதில் கேலரியிலிருந்த பிள்ளைகளால் பார்க்கவே முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். ஜனங்கள் நாற்காலியைப் பிடுங்கி எறிந்தார்கள். எறிந்தது தப்பு. ஆனால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பனின் ஏமாற்றத்தை நினைத்து எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26. நமக்குத் தேதியைச் சொன்னால் போதும். அதே சுனாமி அலை கடலூர் கரையையும் அடித்தது. அங்கே எஸ்.மாரியப்பன் என்று ஒரு ஃபுட்பால் கோச். சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளையும் சேர்த்து ஆட்டம் கற்றுக்கொடுத்தார். இந்திரா காந்தி அகாடமி என்ற பெயரில் அவர்கள் தங்கவும் படிக்கவும் வழி செய்தார். அப்பனை இழந்த பெண்ணுக்குப் பந்து எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கரையிலிருந்து இந்துமதி கதிரேசன் வந்தார், இந்திய அணிக்கு ஆடினார். சுமித்ரா காமராஜ் வந்தார், அவரும் இந்திய அணிக்கு ஆடினார். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதியில், பெண்கள் ஃபுட்பாலுக்குத் தாய்வீடான மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என்று வென்றது. அந்த அணியில் கடலூர்ப் பெண்கள் இருந்தார்கள். ஒரு கோச் ஓர் ஊரில் தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

கன்னியாகுமரிக் கடலோரத்தில் தூத்தூர் இருக்கிறது. ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகும் ஊர். மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் ரெஜினும் அந்தக் கரையிலிருந்துதான் பெரிய அணிகளுக்குப் போனார்கள். அங்கே ஒரு பையன் ஆட்டக்காரரைச் சந்திக்க டிக்கெட் எடுக்க வேண்டாம். கடற்கரைக்குப் போனால் போதும், லீவுக்கு ஊர் வந்தவர் சின்னப் பையன்களோடு மணலில் ஆடிக்கொண்டிருப்பார்.

நம் தீவிலும் இதற்கு அடையாளம் உண்டு. கார் நிக்கோபாரில் ஒரு குடும்பம் ஃபுட்பால் ஆசையில் பிள்ளைக்கு டேவிட் பெக்காம் என்று பெயர் வைத்தது. அந்தப் பிள்ளை சுனாமியில் அப்பாவை இழந்து, தாத்தா வளர்ப்பில் பந்து ஆடிக்கொண்டு வளர்ந்தான். பிறகு சைக்கிளுக்கு மாறினான். இன்றைக்கு டேவிட் பெக்காம் எல்காடோசூங்கோ இந்தியாவின் முக்கியமான டிராக் சைக்கிள் வீரர்களில் ஒருவர். அதே தீவின் ஈசோ ஆல்பென் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். பெக்காம் என்ற பெயர் இங்கிலாந்திலிருந்து கார் நிக்கோபாருக்கு வந்துவிட்டது, அந்தப் பெயருக்கு உரியவர் வரவில்லை. ஆனால் சைக்கிளுக்குக் கோச்சுகள் கிடைத்தார்கள், பிள்ளைகளுடன் நின்றார்கள். அதனால் சைக்கிளில் பதக்கம் வந்தது. நம் பிள்ளைகளின் காலில் வலு இல்லாமல் ஃபுட்பாலில் பின்தங்கியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2021 டிசம்பரில் நம் அந்தமான் நிக்கோபார் அணி மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் டிராபிக்காகக் கொச்சிக்குப் போனது. கேரளத்திடம் 0–9 என்று தோற்றது. இங்கே அதைச் சிரித்துக்கொண்டே பேசியவர்களைப் பார்த்தேன். எனக்கு மனசு கொதித்தது. அந்தக் கேரள அணிதான் ஐந்து மாதம் கழித்து, 2022 மே மாதம், மஞ்சேரியில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கியது. சாம்பியன்களுக்கு எதிரே தொண்ணூறு நிமிடம் நின்று, ஒன்பதாவது கோல் விழுந்த பிறகும் பந்தை எடுத்து நடுவில் வைத்து மறுபடி ஆடிய பையன்கள் நம் பையன்கள். வருஷத்தில் பாதி மழை பெய்யும் ஊரில், சேற்றில் பழகிவிட்டுப் போனவர்கள். எதிரே ஆடிய ஒவ்வொருவரும் எங்கே ஓடினார், எப்போது பந்தை விட்டார் என்று உடம்பால் தெரிந்து வைத்திருப்பவர்கள். நம் பிள்ளைகளிடம் பார்சிலோனா அணியின் பதினோரு பெயரைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். அந்த அந்தமான் அணியில் ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தப் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? நம் நடுவில்தான். ஒருவரைப் பஜாரில் பார்க்கலாம், ஒருவரை ஹேவ்லாக் போட் டிக்கெட் வரிசையில் பார்க்கலாம், இன்னொருவர் ஆபீஸில் உங்களுக்குப் பக்கத்து மேஜையாகவே இருக்கலாம். அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாடு போடுங்கள். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, கொச்சியில் என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் ஆட்டக்காரர், ஜெயித்ததைப் பற்றிச் சொல்வதைவிட அதிகம் சொல்லிக்கொடுப்பார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வந்தார். பேத்தி கேட்ட முதல் கேள்வி, ‘அண்ணா, அந்த ஃபார்வர்டு எந்தக் காலால் அடித்தார்?’ அவர் எழுந்து நின்று, நாற்காலியைத் தள்ளிவிட்டு, செய்தே காட்டினார். சோறு ஆறிப்போனது. இரண்டு பேருக்கும் அது நினைவே இல்லை.

இங்கே வேலை மாற்றலில் வரும் கோச்சுகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் குடும்பத்தை மெயின்லேண்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். சாயங்காலம் மைதானம், ராத்திரி தனி அறை. இரண்டு வருஷத்தில் மாற்றல் கேட்டுப் போய்விடுகிறார்கள் என்று புலம்புகிறோம். அவர்கள் இருக்கும்போது நாம் எத்தனை பேர் வாசலைத் திறந்தோம்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோச் சாரைக் கூப்பிட வேண்டும் என்ற யோசனை நமக்கு வந்ததா? ஒருவர் கூடுதலாக ஒரு வருஷம் தங்கினால், அந்த ஒரு வருஷத்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் இடது காலாலும் அடிக்கப் பழகிவிடுவாள்.

மழைக்காலம் முடிந்ததும் பழைய சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களில் கிடைக்கிறவர்களை அழைத்து, நம் மைதானத்தில் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடவைக்கலாம் என்று இங்குள்ள இளைஞர்களிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். மேடையும் மாலையும் வேண்டாம், பந்தும் தண்ணீரும் இருந்தால் போதும். மதியச் சாப்பாட்டை எங்கள் தெருப் பெண்கள் பார்த்துக்கொள்கிறோம். யார் வீட்டில் பெரிய குண்டான் இருக்கிறது என்று மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.